கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு: ‘நீலத் தேவதை’ (1930) படத்தில் ஒலி யார் கையில்?

1930 ஏப்ரல் 1 அன்று பெர்லின் குளோரியா-பலாஸ்ட் திரையரங்கில் ‘டெர் ப்ளாவ எங்கல்’ வெளியானது. தமிழில் ‘நீலத் தேவதை’ என்று சொல்லலாம். படத்தில் அது ஒரு துறைமுக ஊரில் இருக்கும் மலிவான கேளிக்கை விடுதியின் பெயர். இயக்கியவர் யோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க், தயாரித்தவர் எரிக் பொம்மர், நிறுவனம் ஊஃபா. நாயகன் எமில் யானிங்ஸ். ஆஸ்கரின் முதல் சிறந்த நடிகர் விருதைப் பெற்று, பேசும்படம் வந்ததும் ஹாலிவுட்டை விட்டு ஜெர்மனிக்குத் திரும்பியிருந்தவர். விடுதிப் பாடகி லோலா லோலாவாக மார்லேன டீட்ரிக். திரையிடல் முடிந்த அன்றிரவே அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். ஊஃபா அவரது ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டிருந்தது, ஹாலிவுட்டின் பாரமவுண்ட் எடுத்துக்கொண்டது.

கதை எளிது. இம்மானுவேல் ராத் என்ற கண்டிப்பான பள்ளி ஆசிரியர், மாணவர்கள் ரகசியமாக வைத்திருக்கும் பாடகியின் படங்களைப் பறிமுதல் செய்கிறார். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க விடுதிக்குப் போகிறார். போன இடத்தில் லோலாவிடம் மனதைப் பறிகொடுக்கிறார். வேலை போகிறது, திருமணம் நடக்கிறது, நாடகக் குழுவோடு ஊர் ஊராக அலைகிறார். கடைசியில் கோமாளி வேஷத்தில் சொந்த ஊர் மேடையிலேயே அவமானப்பட்டு, தன் பழைய வகுப்பறையில் மேசையைப் பற்றிக்கொண்டு சாகிறார். கௌரவமான மனிதர் பெண் மோகத்தில் விழுந்து அழியும் இந்தக் கதையை மௌனப்படம் ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்டது. யானிங்ஸே அப்படிப்பட்ட வேடங்களில்தான் பேர் வாங்கினார்.

அப்படியிருக்க இந்தப் படம் மட்டும் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் டீட்ரிக்கைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி ஒலிப்பதிவில் இருக்கிறது. ராத்தின் வீழ்ச்சியை ஸ்டெர்ன்பெர்க் ஒலியை வைத்து அளக்கிறார். எந்த ஒலி கேட்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று முடிவு செய்கிறவராக ராத் நமக்கு அறிமுகமாகிறார். அந்த அதிகாரம் காட்சிக்குக் காட்சி அவர் கையைவிட்டு நழுவுகிறது. முடிவில் அவர் தொண்டையிலிருந்து என்ன ஒலி வர வேண்டும் என்பதையே இன்னொருவன் தீர்மானிக்கிறான். இந்த அமைப்பை எட்டுவதற்கு அன்றைய கருவிகளின் குறைபாடே வழி செய்தது. ஆகவே முதலில் கருவிகள்.

1929இல் நொய்பாபெல்ஸ்பெர்க்

படப்பிடிப்பு 1929 நவம்பர் தொடக்கத்திலிருந்து 1930 ஜனவரி வரை, பெர்லினை ஒட்டிய நொய்பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் நடந்தது. அதே 1929இல்தான் ஊஃபா அங்கே ‘டோன்க்ராய்ட்ஸ்’ என்ற ஒலிப்பட வளாகத்தைக் கட்டியது. சிலுவை வடிவில் நான்கு படப்பிடிப்புக் கூடங்கள், ஜன்னலே இல்லாத கனமான செங்கல் சுவர்கள். கருவிகள் க்ளாங்ஃபில்முடையவை. மின்சாதன நிறுவனங்களான சீமென்ஸும் ஏஇஜியும் சேர்ந்து 1928இல் தொடங்கிய நிறுவனம் அது.

அன்றைய க்ளாங்ஃபில்ம் முறை இப்படி வேலை செய்தது. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் பெருக்கப்பட்டு கெர் செல் என்ற சிறு கண்ணாடிக் கலத்துக்குப் போகும். கலத்துக்குள் நைட்ரோபென்சீன் திரவம், இரு பக்கமும் ஒளியை வடிகட்டும் முனைவாக்கிகள். மின்னழுத்தம் ஏற இறங்க, கலத்தைக் கடந்து வரும் ஒளியும் கூடிக் குறையும். அந்த ஒளி ஓடும் பிலிமில் விழுந்து, ஓரத்திலுள்ள குறுகிய பட்டையில் கறுப்பும் சாம்பலுமான நுண்ணிய கோடுகளாகப் பதியும். அதுதான் ஒலித்தடம். பிலிம் வினாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்ற நிலையான வேகத்தில் ஓட வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.4 மீட்டர். மௌனப்படக் காலத்தில் காட்சிக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுதந்திரம் அத்தோடு போயிற்று.

எங்கெங்கே சிக்கல்? காமிரா மோட்டாரின் இரைச்சலை மைக் பிடித்துவிடும் என்பதால் காமிராவை அறைக்குள்ளோ கனத்த உறைக்குள்ளோ அடைக்க வேண்டும். நகர்த்துவது பெரும்பாடு. ஆர்க் விளக்குகள் ரீங்கரிக்கும் என்பதால் டங்ஸ்டன் இழை விளக்குகளுக்கு மாற வேண்டும். அவற்றின் ஒளியில் சிவப்பு தூக்கலாக இருக்கும், அதற்கு ஈடு கொடுக்க எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் வேண்டும். மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை அள்ளும். செட்டின் சுவர் கெட்டியாக இருந்தால் எதிரொலி. ஒலித்தடத்தைக் கழுவும்போது கறுப்பு வெள்ளை மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) கொஞ்சம் மிகுந்தாலும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறத் தொடங்கும். ஜெர்மன் மொழியில் அந்த ஒலிகளுக்குப் பஞ்சமே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தடை ஒலிக்கலவை. தனித்தனியாகப் பதிந்த வசனம், இசை, சத்தம் ஆகியவற்றைத் தரம் கெடாமல் ஒரே தடத்தில் சேர்க்கும் வசதி அப்போது இல்லை. மறுபதிவு செய்தால் இரைச்சல் கூடும், குரல் மங்கும். எனவே ஒரு காட்சியில் பேச்சும் பாட்டும் ஒன்றாக வேண்டுமானால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், நேரடியாகப் பதிய வேண்டும். வாத்தியக் குழு செட்டில் உட்கார்ந்து வாசிக்கும், நடிகர்கள் பேசுவார்கள், மைக்குக்கு எது நெருக்கமோ அதுவே உரக்கக் கேட்கும். பேச்சுக்கு அடியில் மெதுவாக இசை இழைவது என்று இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்வது அன்று அத்தனை சுலபமாகக் கிடைக்காத சொகுசு.

ஒலியைப் பதிந்த பிறகு நடுவில் வெட்டினால் பேச்சு அறுபடும். அதனால் ஒரே நடிப்பை ஒன்றுக்கு மேற்பட்ட காமிராக்களால் பல கோணங்களில் எடுத்துக்கொண்டு, ஒலியைத் தொடாமல் படத்தை மட்டும் மாற்றுவது அந்தக்கால வழக்கம். ஸ்டெர்ன்பெர்க்கும் அப்படி எடுத்திருக்கிறார். அதற்கு விலை உண்டு: எல்லாக் கோணத்துக்கும் பொருந்துமாறு ஒளியமைக்கப் போனால் முகம் தட்டையாகிவிடும். ஒளிப்பதிவாளர்கள் கியுந்தர் ரிட்டாவும் ஹன்ஸ் ஷ்னேபெர்கரும், கலை இயக்குநர்கள் ஒட்டோ ஹுன்ட, எமில் ஹாஸ்லரும் இதற்குக் கண்ட வழி அடைசல். மீன்வலை, நங்கூரம், அட்டையில் வெட்டிய தேவதைகள், இறகு, திரைச்சீலை, சுழல் படிக்கட்டு என்று காமிராவுக்கும் நடிகருக்கும் நடுவே எப்போதும் எதையாவது நிறுத்தினார்கள். ஒளி தட்டையானாலும் ஆழம் போகவில்லை.

ஸ்டெர்ன்பெர்க் இதற்கு முன் அமெரிக்காவில் ‘தண்டர்போல்ட்’ (1929) என்ற பேசும்படத்தை எடுத்து முடித்தவர். ஒலிக்குப் புதிதாகப் பழகிக்கொண்டிருந்த ஊஃபாவில் இது பெரிய பலம்.

ஜன்னல் ராத்தின் கையில்

முதல் வகுப்பறைக் காட்சியைக் கவனியுங்கள். ராத் நுழைந்ததும் வகுப்பு கப்சிப். அவர் கைக்குட்டையை உதறி எடுத்து எக்காளம் போல மூக்கைச் சிந்துகிறார். அறையில் சத்தம் போட உரிமையுள்ள ஒரே ஆள் அவர்தான் என்று அதிலேயே தெரிந்துவிடும். பாடம் ஆங்கிலம், ‘ஹாம்லெட்’. எழுந்து நிற்கும் மாணவனுக்கு ஆங்கிலத்தின் ‘த’ சரியாக வரவில்லை. நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஊதிச் சொல்ல வேண்டிய ஒலி அது. ராத் மறுபடி மறுபடி சொல்ல வைக்கிறார், முகத்துக்கு நேரே நின்று உச்சரித்துக் காட்டுகிறார், பென்சிலை எடுத்து மாணவனின் பல்லிடையில் வைக்கிறார். இன்னொரு மனிதனின் வாய்க்குள் என்ன ஒலி உருவாக வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் இது. படத்தின் இறுதியில் இதே அதிகாரம் அவர் மேல் திரும்பும். அதனால் இந்தக் காட்சி வெறும் நகைச்சுவை இல்லை.

பிறகு மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். பேனாச் சத்தம்கூட இல்லாத அமைதி. ராத் ஜன்னலைத் திறக்கிறார். வெளியே எங்கோ பெண்கள் சேர்ந்து ‘எங்கென் ஃபான் தாரௌ’ என்ற பழைய காதல் பாட்டைப் பாடுவது உள்ளே வருகிறது. கொஞ்ச நேரம் கேட்கிறோம். அவர் ஜன்னலைச் சாத்துகிறார். பாட்டு சட்டென்று நின்றுவிடுகிறது.

ஒரு ஜன்னல் திறந்து மூடியதற்கு இத்தனை பேசலாமா என்று தோன்றலாம். அன்றைய பேசும்படங்கள் பலவற்றில் வாய் அசையும் இடத்திலிருந்து மட்டுமே ஒலி வந்தது. இங்கே ஒலி சட்டகத்துக்கு வெளியே இருக்கும் உலகத்தைக் காட்டுகிறது. அந்த உலகத்தில் இளமையும் பாட்டும் இருக்கின்றன. அதை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் அந்த நிமிடத்தில் ராத்தின் இஷ்டம்.

இதற்கு முன்பே, அவர் வீட்டில், ஒரு சின்ன எச்சரிக்கை வந்துபோயிற்று. காலை உணவின்போது கூண்டுப் பறவையைப் பார்த்து விசிலடிக்கிறார், பதில் இல்லை. பறவை செத்துக் கிடக்கிறது. அது பாடுவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தது என்று சொல்லிக்கொண்டே வேலைக்காரி அதை எடுத்து அடுப்பில் போடுகிறாள். லோலாவின் அறையில் அவர் கண்விழிக்கும் காலையில் ஒரு கேனரி பாடிக்கொண்டிருக்கும். வசனம் எதுவும் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை. பார்ப்பவரின் காது சேர்த்துக்கொள்ளும் என்று இயக்குநர் நம்பியிருக்கிறார்.

கதவு யார் கையிலும் இல்லை

விடுதியில் நிலைமை தலைகீழ். லோலாவின் ஒப்பனை அறை மேடைக்குப் பின்னால், ஒரே ஒரு கதவு தடுப்பு. கதவு திறக்கும்போதெல்லாம் பாட்டும் கைதட்டலும் கூட்டத்தின் இரைச்சலும் முழு உரத்தில் உள்ளே கொட்டுகின்றன. மூடினால் முழு அமைதி. கோமாளி வருகிறான், கதவு திறக்கிறது. பாடகிகள் வருகிறார்கள், போகிறார்கள். மந்திரவாதியும் குழுத் தலைவனுமான கீபெர்ட் வருகிறான். ராத் தன் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள வாக்கியம் வாக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறக்க, அவர் பேச்சு அடிபட்டுப் போகிறது. வகுப்பில் ஜன்னலை அவர் திறந்து மூடினார். இங்கே கதவை எல்லாரும் திறக்கிறார்கள், அவரைத் தவிர.

இதை எப்படிச் செய்திருக்க முடியும்? கலவை வசதி இல்லாத நிலையில் வழிகள் இரண்டுதான். ஒன்று, கதவுக்கு அப்பால் உண்மையிலேயே வாத்தியக் குழுவை வைத்து, கதவு மூடியதும் கையசைத்து நிறுத்துவது. இரண்டு, கதவு மூடும் சட்டகத்தில் ஒலித்தடத்தை வெட்டி அமைதியான தடத்தை ஒட்டுவது. எந்த வழியானாலும் விளைவு ஒன்றே: பாட்டு விளக்கை அணைத்தது போல நிற்கும்.

நிஜத்தில் அப்படி நிற்காது. பலகைக் கதவு உயர்ந்த சுரங்களைத்தான் தடுக்கும்; முரசும் தாழ்ந்த சுரங்களும் கதவைத் துளைத்துக்கொண்டு கும்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இன்று எந்த ஒலி வடிவமைப்பாளரும் அந்த மங்கலான கும்மலைத் தவறாமல் சேர்ப்பார். ‘நீலத் தேவதை’யில் அது இல்லை. தொழில்நுட்பக் கணக்கில் இதைக் குறை என்று எழுதலாம். ஆனால் மங்கலான இசை தொடர்ந்து கேட்டிருந்தால் மேடையும் அறையும் ஒரே உலகமாகிவிட்டிருக்கும். முழுதாக அறுபடுவதால்தான் ஒப்பனை அறை தனி உலகமாகிறது. உள்ளே ஒரு பெண் கண்ணாடி முன் சாவதானமாக முகம் துடைக்கிறாள், ஓர் ஆண் மரியாதையாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கதவு திறந்த கணமே அந்த அந்தரங்கம் சந்தையாகிவிடுகிறது. ராத்தின் காதல் கதவு மூடியிருக்கும் நேரங்களில் மட்டும் உண்மையாக இருக்கிறது. படத்தின் மிகச் சிறந்த தீர்மானம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

காட்சியமைப்பிலும் இதே விதி உண்டு. ராத் முதல்முறை விடுதிக்குள் தடுமாறி நுழையும்போது லோலா பாடிக்கொண்டே மேடை விளக்கை அவர் பக்கம் திருப்பிவிடுகிறாள். பார்க்க வந்தவர் பார்க்கப்படுகிறவர் ஆகிறார்.

வேலை போகும் காட்சியில் இந்தத் தர்க்கம் வகுப்பறைக்கே வந்துவிடுகிறது. இரவு முழுக்க லோலா வீட்டில் கழித்தவர் தாமதமாக வருகிறார். கரும்பலகையில் கேலிச் சித்திரம். பையன்கள் கூச்சல் போடுகிறார்கள், ‘உன்ராட்’ (குப்பை) என்ற பட்டப்பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். அவர் அதட்டுகிறார், ஒருவனும் கேட்கவில்லை. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்த பிறகுதான் அடங்குகிறது. எல்லாரும் போன பிறகு காலி வகுப்பில் ராத் மேசையில் தனியாக உட்கார்ந்திருக்க, காமிரா மெல்லப் பின்னால் நகர்ந்து அறையின் முழு நீளத்தையும் காட்டுகிறது. உறைக்குள் அடைபட்ட காமிராவை அப்படி நகர்த்தியதே அன்றைக்குப் பெரிய காரியம். ஸ்டெர்ன்பெர்க் அந்த உழைப்பை இரண்டே இடங்களுக்குச் சேமித்து வைத்தது போலிருக்கிறது. இரண்டாவது, படத்தின் கடைசி ஷாட்.

சேவல் கூவல், இரண்டு முறை

திருமண விருந்தில் கீபெர்ட் ராத்தின் மூக்கிலிருந்து முட்டைகளை வரவழைத்துக் காட்டுகிறான். லோலா கோழி போலக் கொக்கரிக்கிறாள். மாப்பிள்ளை ராத் உற்சாகம் தாங்காமல் மார்பை நிமிர்த்திச் சேவலாகக் கூவுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவரும். அவராக விரும்பி எழுப்பிய ஒலி. அந்த மனிதர் படம் முழுக்க இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்த இன்னொரு நிமிடம் கிடையாது.

அடுத்து வருடங்கள் கழிகின்றன. இதைக் காட்டும் விதம் பழைய மௌனப்படக் கைவண்ணம். லோலாவின் முடியைச் சுருட்டும் இரும்பைக் காய வைத்து, சூடு பதமா என்று நாட்காட்டித் தாளில் தேய்த்துப் பார்க்கிறார் ராத். தாள் கருகுகிறது. தாள்கள் போய்க்கொண்டே இருக்க 1929 வந்து நிற்கிறது. பையில் காசு இருக்கும்வரை லோலாவின் படங்களை விற்க விடமாட்டேன் என்று சொன்னவர், மேசை மேசையாகப் போய் அதே படங்களை விற்கிறார்.

குழு ராத்தின் சொந்த ஊருக்குத் திரும்புகிறது. கீபெர்ட் ‘பேராசிரியர்’ என்ற பட்டத்தையே விளம்பரமாக்க, ஊர் திரண்டு வருகிறது. மேடையில் கோமாளி ஒப்பனையோடு ராத். கீபெர்ட் அவர் மூக்கிலிருந்து முட்டை எடுத்து அவர் தலையிலேயே உடைக்கிறான், கூவச் சொல்லி உறுமுகிறான். அதே நேரம் மேடையோரத்தில் லோலாவை மாஜெப்பா என்ற வாட்டசாட்டமான கலைஞன் அணைத்துக்கொண்டிருக்கிறான். ராத்துக்குத் தெரிகிறது. முதலில் ஒலி வரவில்லை. கூட்டம் பொறுமையிழந்து சத்தம் போடுகிறது. பிறகு வருகிறது அந்தக் கூவல்.

பல்லிடையில் பென்சில் வைத்து ஒரு பையனின் வாயிலிருந்து சரியான ஒலியை வரவழைத்த ஆசிரியரின் தொண்டையிலிருந்து இப்போது இன்னொருவன் ஒலியை வரவழைக்கிறான். யானிங்ஸ் இதைச் சேவல் போல ஆரம்பித்து மனிதனின் ஓலமாக முடிக்கிறார். சொல் எதுவும் இல்லை. மௌனப்படத்தில் இது வாய் பிளந்த முகமாக மட்டும் இருந்திருக்கும். கூவிக்கொண்டே அவர் ஓடிப்போய் லோலாவின் கழுத்தை நெரிக்கிறார். ஆட்கள் பிடித்து, பைத்தியக்காரர்களைக் கட்டும் சட்டையில் அவரைக் கட்டுகிறார்கள்.

கட்டை அவிழ்ப்பவனும் கீபெர்ட்தான். ஒரு பெண்ணுக்காகப் படித்த மனிதர் இப்படியா என்று வருத்தமாகக் கேட்கிறான், முரட்டுத்தனம் சற்றும் இல்லாமல். கீபெர்ட்டாக நடித்த கூர்ட் கெரோன் அந்தச் சில வரிகளைப் பேசும் விதம் வில்லன் என்ற முத்திரையை உடைத்துவிடுகிறது.

பின்னணி இசை இல்லாத மெலோடிராமா

தொடக்க எழுத்துகளைக் கடந்துவிட்டால் படத்தில் நாம் கேட்கும் இசையில் பெரும்பகுதிக்குக் கதைக்குள்ளேயே மூலம் உண்டு: மேடை, ஜன்னலுக்கு வெளியே பாடுகிறவர்கள், மணிக்கூண்டு. அழுகைக் காட்சியில் வயலின் வருவதில்லை. உணர்ச்சியை மிகைப்படுத்தும் கதைக்கு இந்த வறட்சி கடிவாளமாக அமைந்தது.

மணிக்கூண்டு முக்கியம். அது இசைக்கும் மெட்டு, ‘குளிர்ந்த கல்லறை வரை நேர்மையும் விசுவாசமும் காத்துக்கொள்’ என்று தொடங்கும் ஜெர்மன் பாடலுடையது. பாட்டு கவிஞர் ஹ்யோல்ட்டியுடையது. மெட்டு மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசைநாடகத்தில் பாப்பகேனோ தனக்கு ஒரு பெண் வேண்டுமென்று பாடும் பாட்டிலிருந்து வந்தது. போட்ஸ்டாமின் கேரிசன் தேவாலய மணிகள் இதை ஒவ்வொரு மணி நேரத்தின் பாதியிலும் இசைத்துவந்தன. படம் எடுத்த ஸ்டூடியோவுக்கு அது பக்கத்து ஊர். பிரஷ்ய ஒழுக்கத்தின் சின்னமாக ஜெர்மானியர் அனைவரும் அறிந்த மணியோசை. தினமும் இதன்படி நடந்து பள்ளிக்குப் போகும் ராத், லோலாவின் அறையில் கண்விழித்து இதே மணியைக் கேட்டுத் திடுக்கிடுகிறார். மெட்டுக்குப் பின்னால் உள்ள வரியும், அதற்கும் முன்னால் பெண் வேண்டுமென்ற பாட்டும் தெரிந்தவர்களுக்கு ராத்தின் கதை முழுவதும் அந்த மணியில் இருக்கிறது.

விடுதிப் பாட்டுகளுக்கு இசையமைத்தவர் ஃப்ரீட்ரிக் ஹொலண்டர், பெர்லின் கேபரே மேடைகளின் ஆள். படத்தில் பியானோக்காரராகவும் வருகிறார். மேடையில் வாசிப்பது வைன்ட்ராப் ஸின்கோபேட்டர்ஸ் என்ற நிஜ ஜாஸ் குழு. டீட்ரிக்கின் குரல் வீச்சு குறுகலானது, தாழ்ந்தது. அதற்குள் அடங்கும்படி மெட்டுகள் அமைந்திருக்கின்றன. உச்சஸ்தாயி இல்லாததும் அன்றைய மைக்குக்கு வசதியாகிப்போனது. உரக்க எழும் குரல் தடத்தில் உடைந்துவிடும், பேச்சுக்குப் பக்கத்தில் நின்று பாடும் குரல் அப்படியே பதியும்.

‘தலை முதல் கால் வரை நான் காதலுக்கென்றே ஆனவள்’ என்ற பாட்டு இரண்டு முறை வருகிறது. முதல்முறை ராத் விருந்தாளியாக மேலே உட்கார்ந்திருக்க, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இதமாகப் பாடுகிறாள். கடைசியில், அவர் இருட்டில் வெளியேறும்போது, நாற்காலியைத் திருப்பிப்போட்டு இருபுறமும் கால்போட்டு உட்கார்ந்து, தாளத்தைக் கறாராகப் பிடித்து, யாருக்கென்றும் இல்லாமல் பாடுகிறாள். சொல் அதே, மெட்டு அதே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால் மெய்யெழுத்துகளை டீட்ரிக் எவ்வளவு கெட்டியாகக் கடிக்கிறார் என்று தெரியும்.

சறுக்கும் இடங்கள்

முதல் அரைமணி நேரம் மந்தம். இரண்டு காரணம். நேரடி ஒலிப்பதிவில் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சின் மேல் ஏறக்கூடாது என்பதால் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே இடைவெளி. கூடவே யானிங்ஸ் ஒவ்வொரு சொல்லையும் மேடையில் போல முழுதாக உச்சரிக்கிறார். ராத்தின் இலக்கண சுத்தமான பேச்சுக்கு அது பொருந்துகிறது, உணர்ச்சிக் காட்சிகளில் கனக்கிறது. எதிரே டீட்ரிக் பெர்லின் கொச்சையில் வார்த்தையை விழுங்கிப் பேசுகிறார். இரண்டு பேச்சு வேகங்களின் மோதலே நகைச்சுவை ஆவதால் பாதிக் குறை மறைந்துவிடுகிறது.

உண்மையான ஓட்டை கதையில். திருமணத்துக்கும் வீழ்ச்சிக்கும் நடுவே உள்ள வருடங்களை நாட்காட்டித் தாள் விழுங்கிவிடுகிறது. லோலா எப்போது, எதனால் அலுத்துப்போனாள் என்று படம் சொல்வதில்லை.

மூலநாவல், ஹைன்ரிக் மான் 1905இல் எழுதிய ‘பேராசிரியர் உன்ராட்’, வேறு திசையில் போகிறது. அங்கே ஆசிரியர் அழிவதில்லை. பாடகியை மணந்து சூதாட்ட வீடு நடத்தி, தன்னைக் கேலி செய்த ஊர்ப் பெரிய மனிதர்களையே கெடுத்துப் பழிவாங்குகிறார். நாவலின் குறி அந்த ஊரின் போலி ஒழுக்கம். படத்தில் ஊர் கிட்டத்தட்டக் காணாமல் போய், ஒரு தனி மனிதரின் துக்கம் மிஞ்சுகிறது. 1927 முதல் ஊஃபா தேசியவாதப் பத்திரிகை முதலாளி ஆல்ஃபிரட் ஹூகென்பெர்க்கின் கையில் இருந்ததை இங்கே மறக்கக்கூடாது. விமர்சகர் ஸீக்ஃப்ரீட் க்ராகவர் இந்தச் சமூகப் பின்வாங்கலைக் கண்டித்தார். 1947இல் எழுதிய நூலில், ஆசிரியரை வதைக்கும் அந்த மாணவர்களிடம் பின்னாளைய ஹிட்லர் இளைஞர்களைக் கண்டார். முதல் கண்டனம் நியாயமானது. இரண்டாவது, நடந்து முடிந்ததை வைத்துப் பின்னோக்கிப் படிப்பது. அந்தப் பையன்களின் குரூரம் எந்த நாட்டு வகுப்பறையிலும் இருக்கக்கூடியதே.

படத்தோடு சம்பந்தப்பட்டவர்களுக்கு நேர்ந்தது தனிக் கதை. 1933இல் நாஜி அரசு படத்தைத் தடை செய்தது, ஹைன்ரிக் மானின் நூல்கள் எரிக்கப்பட்டன. யூதர்களான பொம்மரும் ஹொலண்டரும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். யானிங்ஸ் தங்கி, அரசுப் பிரசாரப் படங்களில் நடித்தார். டீட்ரிக் 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கூர்ட் கெரோன் தெரேசியென்ஸ்டாட் முகாமில் நாஜிகளுக்காக ஒரு பொய்ப் படத்தை இயக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

ஆங்கிலப் பிரதி

டப்பிங் நம்பகமாக இல்லாத காலம் என்பதால் ஜெர்மன், ஆங்கிலம் இரண்டையும் அதே செட்டில், அதே நடிகர்களோடு, ஒரே காலத்தில் எடுத்தார்கள். ஜெர்மன் பிரதி ஏறக்குறைய 107 நிமிடம், ஆங்கிலம் அதைவிடக் குறைவு. ஜெர்மானிய ஊரில் ஏன் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே: ராத் ஆங்கில ஆசிரியர் என்பதால் மாணவர்களோடு ஆங்கிலத்தில் பேசுகிறார், லோலா ஆங்கிலம் பேசும் பெண்ணாகிறாள். டீட்ரிக் சமாளித்துவிடுகிறார். யானிங்ஸுக்கு நாக்கு புரளவில்லை; சொல்லைத் தேடும் கவலையில் முகம் பாதி வேலையை நிறுத்திவிடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஜெர்மன் பிரதியில் ராத் தன் தாய்மொழியில் பேச்சதிகாரம் உள்ளவர், அதனால்தான் அது பறிபோவது வலிக்கிறது. ஆங்கிலத்தில் அவர் முதல் காட்சியிலிருந்தே திணறுகிறார், இழக்க அதிகம் இல்லை. ஜெர்மன் பிரதியை முதலில் பாருங்கள்.

பிரதியைச் சோதிக்க

பட அளவு முதல் சோதனை. ஒலித்தடத்துக்கு ஓரத்தில் இடம் விட்டதால் அன்றைய சட்டகம் ஏறக்குறைய சதுரம், 1.19க்கு 1. பின்னாளைய 1.37க்கு 1 அளவுக்கு ஓரத்தை மறைக்கும் முகமூடியிலோ பழைய தொலைக்காட்சி அளவிலோ காட்டினால் மேலும் கீழும் வெட்டுப்படும். பீப்பாய் மேல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பாடும் லோலாவின் தொப்பி உச்சியையோ பாதத்தையோ காணவில்லையென்றால் அந்தப் பிரதி வெட்டப்பட்டது. அகலத் திரையை நிரப்ப இழுத்துக் காட்டுவதை முதலில் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஒத்திசைவு. திரையிடும் பிரதியில் ஒலி, படத்தைவிடச் சுமார் 20 சட்டகம் முன்னால் பதிந்திருக்கும். புரொஜக்டரில் படம் ஓடும் இடமும் ஒலியைப் படிக்கும் இடமும் வேறு வேறு என்பதே காரணம். கிழிந்த சுருளைச் சில சட்டகம் வெட்டி ஒட்டினால், படத்தில் துள்ளும் இடம் ஒன்று, ஒலியில் துள்ளும் இடம் இன்னொன்று. நடுவே ஏறக்குறைய 0.8 வினாடி. சுருளை மாட்டும்போது ஐந்து சட்டகம் தவறினாலே 0.2 வினாடி பிசகும். சாதாரண உரையாடலில் இதைப் பலர் கவனிக்கமாட்டார்கள். ஒப்பனை அறைக் கதவு காட்டிக்கொடுத்துவிடும்: கதவு சட்டத்தில் பொருந்துவதற்கு முன்பே பாட்டு நின்றாலோ, மூடிய பிறகும் ஒரு நொடித் துணுக்கு ஒழுகினாலோ பிரதியில் கோளாறு. வகுப்பறை ஜன்னலிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

கதவு மூடிய நேரங்களில் தடத்தின் இரைச்சல் மட்டும் மெல்லக் கேட்கும். சில பிரதிகளில் இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டி அதைச் சுத்தமாகத் துடைத்திருப்பார்கள். கூடவே ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளின் கூர்மையும் போய்விடும், டீட்ரிக் தலையணைக்குள் பாடுவது போல இருக்கும். கொஞ்சம் இரையும் பிரதியே மேல். இரைச்சலைப் பொறுக்காமல் அமைதியான இடத்தில் ஒலியளவைக் கூட்டிவைத்தால், அடுத்து கதவு திறக்கும்போது மேடையின் இசை அளவுக்கு மீறிச் சீறும். முதல் மேடைப் பாட்டுக்கு ஏற்ற அளவை வைத்துவிட்டு, கடைசிவரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.